குரல் இறங்கும் இடம்

யாராவது இந்தப் பொம்பளையின் வாயைப் பொத்தக் கூடாதா. என்ன குரல் இது. பாகில் விரலை விட்டு எடுத்த மாதிரி ஒட்டிக்கொண்டே வருகிறது. கேள்வி கேட்கிறாளா, சோறு ஊட்டுகிறாளா? கொஞ்ச நேரம் நிறுத்தித் தொலையேன், தாயே.

ஞானசெல்வி இப்படி நினைத்துக்கொண்டு கதவோரம் நின்றிருந்தாள். அறைக்குள் எட்டுக் கணினிகளிலிருந்தும் ஒரே குரல் வந்துகொண்டிருந்தது. ஒன்று ‘மல்லி குடையை’ என்று தொடங்கும்போது இன்னொன்று ‘ஏன் திருப்பிக் கொடுத்தாள்’ என்று முடித்தது. மூலையில் இருந்தது, ‘நல்லா யோசிச்சுச் சொல்லு கண்ணு’ என்று கொஞ்சியது. நடுநடுவே ஒரு பச்சைக்கிளி சிறகடித்து ‘சபாஷ், சபாஷ்’ என்று கத்தியது.

அந்தப் பொம்பளை அவளேதான்.

கொருக்குப்பேட்டையில் சரக்கு ரயில் தண்டவாளத்தை ஒட்டி இருந்தது அந்தப் பள்ளி. ஐந்தாம் வகுப்போடு சரி. அதற்கு மேல் படிக்க வேறு பள்ளிக்குப் போக வேண்டும். சுனாமிக்கு மறுவருடம் ஊரில் நிறைய பேர் நிறைய கொடுத்தார்கள். யாரோ கொடுத்த பழைய கணினிகள் இந்தப் பள்ளிக்கும் வந்து சேர்ந்தன. மதியச் சாப்பாட்டு அரிசி அடுக்கி வைத்திருந்த அறையைக் காலி செய்து, நீலக் கம்பளம் விரித்து, ஜன்னலுக்குத் திரை தைத்துப் போட்டார்கள். அரிசி போனது. எலிகள் போகவில்லை. கம்பளத்துக்கு அடியிலிருந்து எப்போதும் ஒரு புளித்த மூத்திர வாடை வந்துகொண்டிருந்தது. முதலில் பிள்ளைகள் காதில் மாட்டிக்கொள்ள ஹெட்போன் கொடுத்தார்கள். அதன் பஞ்சில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறி, ஒரு தலைப் பேன் இன்னொரு தலைக்குப் போனது. தாய்மார்கள் சண்டைக்கு வந்தார்கள். ஹெட்போன்களைப் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன ஸ்பீக்கர் வைத்தார் தலைமையாசிரியை தேவப்பிரியம். அன்றிலிருந்துதான் ஞானசெல்வி தன் குரலைத் தானே கேட்க நேர்ந்தது.

‘கிளிப்பள்ளி’ என்று அந்தக் குறுந்தகட்டுக்குப் பெயர். ஒரு குட்டிக் கதை வரும். பிறகு கேள்வி வரும். கேள்விக்கு அ, ஆ, இ, ஈ என்று நான்கு விடைகள். எல்லாவற்றையும் குரல் படித்துக் காட்டும். பிள்ளை சரியானதை அழுத்தினால் கிளி சிறகடிக்கும். படித்ததைப் புரிந்துகொள்கிற திறமை இதில் வளரும் என்றார், அதைத் தயாரித்து விற்கிற செல்வநாதன். பிள்ளைகளுக்குப் பழகிய குரலாக இருந்தால் நல்லது என்று, அங்கே பாடம் நடத்தும் ஞானசெல்வியைக் கோடம்பாக்கத்தில் ஒரு ஒலிப்பதிவு அறைக்கு அழைத்துப் போனார். யார் கண்ணிலும் படப்போவதில்லை என்று தெரிந்தும் அவள் புதுப்புடவை கட்டிக்கொண்டு போனாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவன், ‘தேன் மாதிரி இருக்கு மேடம்’ என்றான். திரும்பும்போது மின்சார ரயிலில் யாரோடும் பேசவில்லை. அந்தக் குரலைச் சில்லறைப் பேச்சில் செலவழிக்க அன்றைக்கு மனம் வரவில்லை.

கிளிப்பள்ளி வந்ததும் வாசிப்பு வகுப்பு நின்றது. மதியம் இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு புத்தகம் என்று விரலை வைத்து வாசிக்கிற வகுப்பு அது. அந்த நேரத்தைக் கணினிக்குக் கொடுத்துவிட்டார்கள். யாரும் வருத்தப்படவில்லை. பிள்ளைகளின் மதிப்பெண் மளமளவென்று ஏறியது. எல்லாரையும் விட மேலே இருந்தவள் ஐந்தாம் வகுப்பு மாயா.

அந்த மாயாவின் அப்பா பீம்ராவ் ஒருநாள் காலையில் கேட்டருகே காத்திருந்தார். துறைமுகத்தில் கன்டெய்னர் ஏற்றும் இடத்தில் வேலை. இரவு ஷிப்ட் முடித்து வியாசர்பாடிக்குப் போகிற வழியில் சைக்கிளை நிறுத்தியிருந்தார்.

“மிஸ்ஸு, ஒரு நிமிசம். மாயா நைனா நானு.”

“தெரியும், சொல்லுங்க.”

“பொண்ணு கம்பூட்டர்ல பஸ்ட்டாமே. எங்க மன்றத்துல கீற அத்தினி பேருக்கும் டீ வாங்கி ஊத்திட்டேன்.” சிரித்தவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ஆனா வூட்ல பேப்பர நீட்டி, படிம்மான்னா கண்ணு எரியுதுங்குது. பஸ்ஸு போர்டு இன்னான்னு கேட்டா, நீயே பாத்துக்கோ நைனாங்குது. ஏப்ரல்ல அண்ணல் பொறந்தநாளுக்கு மன்றத்துல இவ ரெண்டு பக்கம் படிப்பான்னு வாய வுட்டுட்டேன். இப்ப பேஜாரா கீது. இன்னா மிஸ்ஸு, திமிரா?”

“திமிரெல்லாம் இல்ல. சின்னப் பிள்ளைதானே.”

“அவ அம்மா செங்கொடி சொல்றா, கம்பூட்டர வூட்டுக்கு எட்த்தாந்தா படிப்பாளாம். கரண்ட்டு பில்ல உங்க அண்ணன் கட்டுவானான்னு கேட்டேன். ரெண்டு நாளா சோறு போடல.” சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டினார். “நானு எட்டாவதோட ஓடியாந்தவன். இது அப்டி ஆவக் கூடாது. நீங்க தட்டிக் கேளுங்க. உங்க பேச்சத்தான் கேக்கும்.”

உங்க பேச்சத்தான் கேக்கும். அன்று முழுவதும் அந்த வார்த்தை ஞானசெல்வியின் காதில் இருந்தது.

மதியம் மாயாவை மட்டும் வகுப்பில் நிறுத்தி, மல்லியின் கதை அச்சடித்த தாளை எதிரே வைத்தாள். குறுந்தகட்டில் அந்தக் கதைக்கு முழு மதிப்பெண் வாங்கியவள்தான். மாயா தாளைப் பார்க்கவில்லை. ஞானசெல்வியின் முகத்தைப் பார்த்தாள்.

“படி.”

“நீங்க படிங்க மிஸ். நான் ஆன்சர் சொல்றேன்.”

“நீதான் படிக்கணும்.”

“நீங்க படிச்சாத்தான வரும்?”

“மல்லி ஏன் குடையத் திருப்பிக் குடுத்தா?”

“இ.”

“இ-ன்னா என்ன?”

மாயா உதட்டைப் பிதுக்கினாள்.

“மல்லி யாரு?”

“எனுக்கு எப்டி மிஸ் தெரியும்? நம்ம ஸ்கூலா?”

ஞானசெல்வி அவளைக் கணினி அறைக்குக் கூட்டிப்போய் ஒன்றை ஓட்டவிட்டாள். கதை முடிந்து கேள்வி வரும் நேரத்தில் திரையை அணைத்தாள். கறுத்துப்போன கண்ணாடியில் இரண்டு பேர் முகமும் தெரிந்தது. குரல் மட்டும் தொடர்ந்தது. ‘அ. மழை நின்றதால். ஆ. குடை கிழிந்ததால். இ. அது தன்னுடையது அல்ல என்று தெரிந்ததால். ஈ. அம்மா திட்டியதால்.’ மாயா தயங்காமல் விசைப்பலகையில் தட்டினாள். இருட்டுக்குள்ளிருந்து கிளி சபாஷ் என்றது. அடுத்த கேள்விக்கும் சபாஷ். அதற்கடுத்ததற்கும்.

“எப்படி மாயா?”

“நீங்க எறங்குவீங்க மிஸ்.”

“என்ன?”

“கரெக்ட்டு வரும்போது உங்க கொரலு எறங்கும். லைட்டா நின்னுட்டு, மெதுவா சொல்லுவீங்க. தப்புன்னா ஓடிப்பூடுவீங்க.” மாயா அவளைப் போலவே சொல்லிக் காட்டினாள். மற்ற மூன்றையும் படிக்கட்டில் துள்ளுகிற மாதிரி சொல்லிவிட்டு, ‘இ’ வந்ததும் தலையைச் சாய்த்து, கண்ணை மூடித் திறந்து, பாகு சொட்டுகிற மாதிரி இறக்கினாள்.

ஞானசெல்வி கையால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டாள். எலி வாடையாலா, அந்தத் தலைச் சாய்ப்பாலா என்று தெரியவில்லை.

“இது யாரு கண்டுபிடிச்சது?”

“கண்டுபுடிக்க இன்னா மிஸ் கீது? எல்லாருக்கும் தெரியும். கிளாஸ்லயும் நீங்க அப்டித்தான.”

அன்று மாலை ராயபுரம் வீட்டில் அவள் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். கல்லூரி விட்டு வந்த மகள் சுஜா, “என்னம்மா, தலைவலியா?” என்று கேட்டாள். இரண்டு வருடம் முன்பு சுஜாவிடம், ‘கம்ப்யூட்டர் படிக்கியா, இல்ல உனக்குப் பிடிச்ச வரலாறே எடுக்கியா?’ என்று கேட்டிருக்கிறாள். மகளுக்கு முழுச் சுதந்திரம் கொடுத்துவிட்டதாகக் கணவனிடம் பெருமையும் பேசினாள். சுஜா கம்ப்யூட்டர் என்றாள். எந்த வார்த்தையில் தன் குரல் இறங்கியிருக்கும் என்று இப்போது யோசித்துப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது.

கேள்வி கேட்பதாக நினைத்துக்கொண்டு வாழ்நாள் முழுக்க விடையைக் கையில் திணித்திருக்கிறேன். அன்பு என்று நினைத்தேன். வகுப்பில் ‘இது சரியா, தப்பா?’ என்றதும் அத்தனை பிள்ளைகளும் ஒரே குரலில் தப்பு என்பார்கள். அதைக் கேட்டு நெஞ்சு நிறைந்திருக்கிறது. என் பாட்டையே எனக்குத் திருப்பிப் பாடியிருக்கிறார்கள். எட்டுப் பெட்டிகளுக்குள் அடைத்த பிறகுதான் அந்த இனிப்பு எனக்கே குமட்டுகிறது.

மறுநாள் தேவப்பிரியத்தின் அறையில் செல்வநாதனும் இருந்தார். வெள்ளிக்கிழமை வேறு பள்ளிகளின் நிர்வாகிகள் விருந்தினராக வருகிறார்கள். அவர்களுக்குப் பிடித்துவிட்டால் அவர்கள் நடத்துகிற எல்லாப் பள்ளிகளுக்கும் கிளிப்பள்ளி போகும். அங்கேயும் வாசிப்பு வகுப்பு நிற்கும். ஞானசெல்வி நடந்ததைச் சொன்னாள். திரையை அணைத்ததையும் சொன்னாள்.

தேவப்பிரியம் தெற்கே நாசரேத்துக்காரர். எத்தனை வருடம் சென்னையில் இருந்தும் பேச்சு மாறவில்லை. “ஏ செல்வி, காதாவது கூர்மையா இருக்குல்லா. முன்ன நீ கத்திக் கத்தி வாசிக்க வெச்சியே, பிள்ளையள் பேன் பாத்துக்கிட்டு இருந்துச்சு. இப்போ மூச்சுக்காட்டாம உக்காந்திருக்கு. அதக் கெடுக்கணுமா?”

“மாயாவுக்குப் படிக்க வரல டீச்சர். அவ பேரையே பாத்து எழுதுறா. ஜூன்ல ஆறாவதுக்கு வேற ஸ்கூல் போயிடுவா. கணினில முதல் ஆளுன்னு சொல்லி அனுப்பிட்டா, அதுக்கப்புறம் அவளுக்கு ‘அ’னா யாரு சொல்லிக் குடுப்பாங்க?”

“அங்க உள்ளவங்க பாத்துக்கிடுவாங்க.”

செல்வநாதன் நிதானமாக டீயை உறிஞ்சினார். “மேடம், ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. இன்னொரு ஸ்கூல்ல வேற குரல் போட்டுப் பாத்தோம். டிவில செய்தி வாசிக்கிற அம்மா. சுத்தமான உச்சரிப்பு. மார்க் பாதியா விழுந்துடுச்சு.”

“ஏன் விழுந்துச்சுன்னு பாத்தீங்களா?”

“பாத்தோம். அந்தக் குரல்ல பாசம் இல்லைன்னு பசங்க சொல்றாங்க. உங்க குரல்ல ஒரு ராசி இருக்கு மேடம். அதனால லீவுல ஆறு, ஏழு, எட்டாம் வகுப்பு மூணுக்கும் நீங்களே பேசிக் குடுத்துடுங்க. வெள்ளிக்கிழமை மாயாவ முன்னாடி உக்கார வெச்சுடலாம்.”

ஞானசெல்வி அவர் கண்ணைப் பார்த்தாள். அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துதான் ராசி என்று அதற்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறார். கோப்பை விளிம்பில் ஒட்டியிருந்த டீ ஆடையை அவர் நாக்கால் நக்கி எடுத்தார். அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. “பாக்கலாம் சார்” என்றாள். அந்த ‘பாக்கலாம்’ கூட தேனாகத்தான் வந்தது.

அதற்குப் பிறகு தினமும் மதியம் மாயாவோடு உட்கார்ந்தாள். முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. மாயா எழுத்தில் விரலை வைப்பாள், நிமிர்ந்து ஞானசெல்வியின் உதட்டைப் பார்ப்பாள். உதடு கொஞ்சம் குவிந்தால் போதும், ‘கு’ என்பாள். புருவம் ஏறினால் மாற்றிக்கொள்வாள். தன் முகம் முழுக்க விடைகளாக இருக்கிறது என்று ஞானசெல்விக்கு அப்போதுதான் விளங்கியது. மறுநாள் மாயாவுக்குப் பின்னால் போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். வாயைத் திறக்கவில்லை.

“மிஸ்.”

பெஞ்சு கிறீச்சிட்டது.

“மிஸ், தூங்கிட்டீங்களா?”

வெளியே சரக்கு ரயில் பெட்டிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நகர்ந்தன. சொல்லிக் கொடுத்துவிடத் துடிக்கிற நாக்கைப் பல்லுக்கிடையில் பிடித்துக்கொண்டாள். அவள் வாழ்க்கையில் இவ்வளவு கஷ்டமான காரியம் செய்ததில்லை. முதுகுக்குப் பின்னால் மாயா பெஞ்சை உதைத்தாள். “இன்னா மிஸ் இது, கலீஜா கீது. எனுக்கு வாணாம்” என்று அழுகிற குரலில் முனகினாள். பிறகு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “கு” என்றாள். வெகுநேரம் கழித்து, “டை” என்றாள். “குடை. மிஸ், குடையா மிஸ்? மழைக்குப் புட்ச்சிக்கிற குடையா?”

ஞானசெல்வி அப்போதும் திரும்பவில்லை. திரும்பினால் முகம் காட்டிக் கொடுத்துவிடும்.

“குடைதான்” என்று மாயா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அடுத்த சொல்லுக்குப் போகவில்லை. மணி அடித்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் கணினி அறையைத் திறந்ததும் தேவப்பிரியம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். இரவில் ஒரு எலி ஸ்பீக்கர்களுக்கெல்லாம் கரண்ட் போகிற வயரைக் கடித்துக் குதறிவிட்டு, மின்சாரம் பட்டு மேசைக்குப் பின்னால் செத்துக் கிடந்தது. வயிறு ஊதி, பல் வெளியே தெரிந்தது. ஆயா கன்னியம்மா அதை முறத்தில் அள்ளிக்கொண்டு போய்த் தண்டவாளத்தில் வீசினாள். பினாயில் ஊற்றினார்கள், ஊதுவத்தி கொளுத்தினார்கள். வாடை போகவில்லை. ஊதுவத்தி மணத்தோடு சேர்ந்துகொண்டு தொண்டைக்குள் இறங்கியது. கணினிகள் ஓடின. ஸ்பீக்கர் எதிலும் சத்தம் இல்லை.

வேறு வயர் வாங்கிவர ஆள் போவதற்குள் விருந்தினர்கள் வந்துவிட்டார்கள். கழுத்தில் சந்தன மாலையோடு ஐந்தாறு பேர் கைக்குட்டையை மூக்கருகே வைத்தபடி சிரித்துக்கொண்டு நின்றார்கள். வராந்தாவில், வெளுத்த சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு பீம்ராவ் நின்றிருந்தார். அன்றைய தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருந்தார். ஜன்னல் திரையின் இடுக்கு வழியாக மகளைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினார். இரட்டைச் சடையும் புது ரிப்பனுமாக மாயா முதல் கணினியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

திரையில் மல்லியின் கதை வந்தது. கிளியின் அலகு திறந்து திறந்து மூடியது. சத்தம் வரவில்லை. மாயாவின் விரல் விசைகளின் மேல் அப்படியே நின்றது.

செல்வநாதன் ஞானசெல்வியின் பக்கத்தில் வந்து காதோடு பேசினார். “ஸ்பீக்கர் இல்லாட்டி என்ன மேடம், குரலுக்குச் சொந்தக்காரங்களே இருக்கீங்களே. பக்கத்துல நின்னு கேள்வியப் படிச்சுடுங்க. எப்பவும் படிக்கிற மாதிரி.”

மாயா அவளை நிமிர்ந்து பார்த்தாள். பார்வை கண்ணிலிருந்து உதட்டுக்கு இறங்கி அங்கேயே நின்றது.

ஒரு கேள்வி. நான்கு விடை. மூன்றில் துள்ளிவிட்டு ஒன்றில் இறங்கினால் போதும். விருந்தினர் கை தட்டுவார்கள், வராந்தாவில் நிற்கிறவர் மன்றத்தில் மறுபடி எல்லாருக்கும் டீ வாங்கி ஊற்றுவார். மாயா ரிப்பன் ஆட இறங்கிப் போவாள். அதோடு குடை என்ற ஒரே சொல்லோடு நின்றுவிடுவாள். தொண்டையில் அந்த இனிப்பு தானாக ஊறிவந்ததை ஞானசெல்வி உணர்ந்தாள். ஊதுவத்தியும் எலியும் சேர்ந்த வாடையோடு அதை விழுங்கினாள்.

குனிந்து மாயாவின் தோளைத் தொட்டாள். “எழுந்திரு. கைய சோப்பு போட்டுக் கழுவிட்டு நம்ம கிளாஸ்ல போய் உக்காரு. குடைக்கு அடுத்த சொல்லு என்னன்னு பாத்து வை. நான் வரேன்.”

மாயாவுக்குக் கோபம். “நான் ஒண்ணும் தப்பாப் போட்டிருக்க மாட்டேன் மிஸ்” என்று முணுமுணுத்துக்கொண்டு எழுந்தாள். அவள் வெளியே போனதும் பீம்ராவ், இன்னா ஆச்சு என்று கையால் கேட்பது இடுக்கில் தெரிந்தது. அவருக்குச் சொல்ல வேண்டும். இன்றைக்கே, அவர் முகத்தைப் பார்த்து, இனிப்பில்லாமல் சொல்ல வேண்டும்.

தேவப்பிரியம் பல்லைக் கடித்தபடி சிரித்தார். “செல்வி, என்ன செய்யுத?”

செல்வநாதன் சமாளித்துக்கொண்டார். விருந்தினர் பக்கம், “பாப்பாவுக்கு வயிறு சரியில்ல போல” என்று சொல்லிவிட்டு அவளிடம் திரும்பினார். “பரவால்ல மேடம், வேற பிள்ளையக் கூப்பிடலாம். யாரா இருந்தாலும் சரி. நீங்க படிச்சாப் போதும்.”

யாரா இருந்தாலும் சரி. அவர் உண்மையைத்தான் சொன்னார்.

அடுத்த பிள்ளை வந்து நாற்காலியில் ஏறி உட்கார்ந்தான். அவனும் திரையைப் பார்க்கவில்லை. அவள் உதட்டைத்தான் பார்த்தான். ஞானசெல்வி அவனுக்குப் பின்னால் போய், அவன் பார்க்க முடியாத இடத்தில் சுவரோரம் நின்றுகொண்டாள்.

“மேடம்” என்றார் செல்வநாதன். “மல்லி குடையை ஏன்… ஆரம்பிங்க.”

“நான் படிக்கல சார்” என்றாள். எந்த வார்த்தையிலும் குரல் இறங்கவில்லை.